காலி ஸ்லாட்

ஒரகடம் கூட்டுரோடு பின்னால் போய்விட்டிருந்தது. படப்பைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தோம். முன்னால் தென்காசி அண்ணன், தோளில் போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியோடு. பின்னால் நான், ஒரு கையில் அவருடைய துணிப்பை, இன்னொரு கையில் கீபோர்டு. கீபோர்டின் வயர் அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. அதைச் சுற்றி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஷேர் ஆட்டோக்கள் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தன, பெட்டியைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டின. வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சாலையோர மண் கிளம்பிப் போர்வையில் படிந்தது. அண்ணன் ஒவ்வொரு முறையும் நின்று அதைத் தட்டிவிட்டு நடந்தார். வேலை செய்யாத பெட்டிக்கு எதற்கு இத்தனை கவனம் என்று நான் கேட்கவில்லை.

அது நடந்த காலத்தில் எனக்கு மீசை முளைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது.

போன வாரம் கன்ட்ராக்டர் ஆபீஸ் வாசலில் நாம் எல்லாரும் உட்கார்ந்திருந்தோமே, அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸை நீங்களும் பார்த்தீர்கள். ஆள் தேவை, பதினெட்டு முதல் இருபத்தாறு வரை. நமக்கெல்லாம் முப்பது வந்துவிட்டது, அல்லது வாசலில் நிற்கிறது. வேறு ஊரில் இதற்குப் பெயர் வாலிபம். இந்த ரோட்டில் இது கிழடு. கண் மங்கிவிட்டது, நின்று நின்று முழங்கால் போய்விட்டது, இன்னும் எந்த லைனிலாவது கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருக்கிறோம். அப்போது உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார், ஏன் நீ ஒரு கம்பெனியிலும் நிலையாக இருந்ததில்லை என்று. சிரித்துச் சமாளித்தேன். இப்போது சொல்கிறேன். பதில் இதுதானா என்று எனக்கும் நிச்சயமில்லை.

எங்கள் வீடு வடக்குப்பட்டில். அப்பா நிலத்தை விற்று, மிச்சமிருந்த மனையில் வரிசையாக ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். தெற்கிலிருந்து வந்த பையன்கள் ரூமுக்கு ஐந்தாறு பேராக இருப்பார்கள். வாடகை வந்தாலும் அப்பாவால் சும்மா உட்கார முடியவில்லை. எலக்ட்ரானிக் போர்டு செய்கிற ஒரு கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். உள்ளே போகிறவனைத் தடவுவார், வெளியே வருகிறவனை இன்னும் அழுத்தித் தடவுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. நான் பக்கத்தில் போனால் சட்டைப்பையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

தென்காசி அண்ணன் எங்கள் கடைசி ரூமில் இருந்தார். அதே கம்பெனியில் கன்ட்ராக்ட். அவருடைய கேட் பாஸ் கார்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அப்பாதான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அப்பாவை அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாபா அண்ணாச்சி? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிக்கினு கீறேன்?" என்பார் அப்பா. ஆனால் அப்படிக் கூப்பிடுவது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கோடையில் அண்ணன் சென்னைக்குப் போய், பாகம் பாகமாகக் கம்ப்யூட்டர் சாமான் வாங்கி வந்து ரூமிலேயே மாட்டினார். திரையில் கார் ஓட்டுகிற ஆட்டம் ஆடுவதற்கென்றே. ரூமில் டிவி கிடையாது. இருந்த ஒரே பிளக்கில் ஐந்து போன்களுக்குச் சார்ஜர். எங்கள் ஹாலில் பெரிய தட்டை டிவி இருந்தது. அம்மாவிடம் வந்து, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, டிவி பக்கத்துல ஒரு ஓரமா வச்சிக்கிடுதேன். நீங்க சினிமாவும் பாத்துக்கிடலாம்."

"ஏழரைக்கு எனக்கு சீரியல். அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஓட்டுன, ஒயர புடுங்கி அடுப்புல போட்டுடுவேன். சொல்லிட்டேன்."

"போடுங்க அக்கா. நானே தீப்பெட்டி எடுத்துத் தாரேன்."

அப்படித்தான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. முதல் நாளே அண்ணன் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி ஒரு கட்டம் போட்டார். கம்பெனியில் எல்லாப் பொருளுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. அதற்குள் பெட்டி, அதற்கு வெளியே நாம். அம்மா பெருக்கும்போது டேப்பைத் திட்டிக்கொண்டே சுற்றிப் பெருக்குவாள். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட வேண்டும் என்பது இன்னொரு விதி. உடம்பில் இருக்கிற கரண்ட் போர்டைக் கொன்றுவிடுமாம். கோயில் வாசலில் தீர்த்தம் தொடுகிற மாதிரி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. அம்மா டிவி ரிமோட்டை எடுப்பதற்குக்கூடக் கம்பியைத் தொட்டாள்.

பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றியே வைத்திருந்தார். சூடு தாங்காது என்று டேபிள் ஃபேனை அதற்குள் திருப்பிவிட்டிருந்தார். சூடான தூசியின் வாசனையும், அடுப்படியிலிருந்து வருகிற கருவாட்டு வாசனையும், ஷிப்டு முடிந்து வந்த பையன்களின் சாக்ஸ் நாற்றமும் சேர்ந்து அந்த ஹாலுக்கு ஒரு வாசனை வந்தது. இப்போதும் எங்காவது பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் எனக்குக் கருவாடு ஞாபகம் வருகிறது.

நான் பெட்டிக்குள் குனிந்து, படம் காட்டுகிற சாமான் எது என்று கேட்டேன். டிவியில் கார் அத்தனை வேகமாக ஓடுகிறதே, அதைச் செய்வது எது?

அண்ணன் ஒரு ஃபேனைக் காட்டினார். "இதுக்கு அடியில ஒரு சில்லு கெடக்குல, பிராசஸர். கணக்குப் போடுதவனும் படம் வரையுதவனும் ரெண்டு பேரும் அதுக்குள்ளதான். படம் வரையுதவனுக்குத் தனி வீடு கெடையாது. மெமரியும் சொந்தமா கெடையாது, அவன்ட்ட இருக்கத வாங்கிக்கிடுவான். நம்ம ரூம் மாதிரிதான். ஷேரிங்."

"தனி வீடு இருந்தா?"

"தனியா ஒரு கார்டு மாட்டணும். அதுக்கு இந்தப் பெட்டி மாதிரி இன்னொண்ணு வாங்குத அளவுக்கு ஆவும்." பெட்டியின் அடிப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் காலியாக இருந்தது. "இந்தா, இதுதான் அதுக்க ஸ்லாட். சும்மா கெடக்கு. என்னைக்காவது பாப்பம்."

ஷேரிங்கில் இருக்கிறவன் சிக்கனமாகத்தான் இருக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அண்ணன் ஒவ்வொன்றாக அணைப்பார். புல் வேண்டாம். தண்ணீரில் பிம்பம் வேண்டாம். நிழல் வேண்டாம். அப்புறம்தான் கார் திக்காமல் ஓடும். ஆகவே எங்கள் ஹாலில் ஓடிய அந்த ஊரில் எதற்கும் நிழல் கிடையாது. மரத்துக்கு இல்லை, பாலத்துக்கு இல்லை, மனிதர்களுக்கும் இல்லை. எப்போதும் உச்சிவேளை. பல வருஷம் கழித்து ஒரு ஹாஸ்டலில், கார்டு போட்ட கம்ப்யூட்டரில் அதே ஆட்டத்தைப் பார்த்தேன். புல் அசைந்தது, பாலத்தின் நிழல் கார்மேல் ஏறி இறங்கியது. அது நான் பார்த்த ஊர் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ரூம் பையன்களிடம் மட்டும் அண்ணன் சிக்கனமாகப் பேசமாட்டார். செட்டிங்கில் ஏதோ மாற்றி, மெமரியில் ஒரு பங்கைப் படம் வரைகிறவனுக்கென்று ஒதுக்கியிருந்தார். அதை வைத்துக்கொண்டு, "ரெண்டு ஜிபி கிராபிக்ஸ் தெரியும்லா?" என்று எல்லாரிடமும் சொல்வார். பையன்கள் வாயைப் பிளப்பார்கள். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டில் நிற்கிறவர் காதில் எது விழுந்தாலும் தங்கிவிடும்.

அந்த மாதம் கம்பெனியில் கணக்குக்குப் போர்டு குறைகிறது, யாரோ எடுத்துப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எத்தனை, எந்த லைனில் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவோடு நின்ற செக்யூரிட்டி ஒருவரை நிறுத்திவிட்டார்கள். அப்பா வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பிடும்போது திடீரென்று சொல்வார்:

"ரேக்குல ஒரு எடம் காலியா கீதுன்னா, அதுல இருந்த பொருள் எங்கயோ போயிருக்குன்னு அர்த்தம். எப்படிப் போவும்? செவுத்து வழியாவா போவும்? கேட்டு வழியாத்தான் போவணும். கேட்டுல யாரு நிக்கிறான்? நான் நிக்கிறேன்."

அவர் பொருளைத் தேடுகிறவர் இல்லை. காலி இடத்தைத் தேடுகிறவர். பின்னால் நானும் கொஞ்ச காலம் ஒரு கேட்டில் நின்றிருக்கிறேன். அந்த வேலை மனிதனை அப்படித்தான் ஆக்குகிறது. ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை, சட்டை எங்கே புடைத்திருக்கிறது, பெட்டி எங்கே குறைந்திருக்கிறது என்று மட்டும் கண் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, படப்பையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த சாரை அம்மா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் பங்குக்காரர்தான். என்னை அவரிடம் சேர்த்துவிடலாமா என்று அவளுக்கு ஒரு எண்ணம். சார் வந்ததும் டிவியில் ஓடிய காரைப் பார்த்து நின்றார். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தார். கம்பியைத் தொடவில்லை. அம்மாவுக்கே முகம் மாறியது.

"கார்டு எங்கப்பா? ஸ்லாட்டு காலியா கீதே."

"கார்டு கெடையாது சார். சில்லுக்குள்ளயே இருக்கு."

சார் சிரித்தார். "இதோ பாரு, நான் இந்த லைன்ல ரொம்ப நாளா கீறேன். உள்ளயே வர்றது லெட்டர் அடிக்கத்தான் ஆவும். இந்த ஆட்டம் ஓடணும்னா கார்டு வேணும். யார்கிட்ட ரீல் வுடுற?"

அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. அண்ணன் பெட்டியை அணைத்ததும் சாப்பிட உட்கார்ந்தார், பிரியாணியைப் பிசைந்துகொண்டே அதை மறந்தும்விட்டார். ஆனால் அப்பாவின் கை தட்டில் நின்றுவிட்டது. அவர் பார்வை அந்தக் காலிப் பள்ளத்தின் மேல் இருந்தது.

"ரெண்டு ஜிபி கிராபிக்ஸ்னு நீதானே சொல்லிக்கினு இருந்த?"

"அது சும்மா... மெமரியில இருந்து எடுத்தது அண்ணாச்சி."

"எதுலருந்து எடுத்த?"

"ஐயோ, எடுத்ததுன்னா அந்த எடுத்தது இல்ல அண்ணாச்சி."

"எடுத்துட்டு எங்க வெச்சிருக்க? என் வூட்டுல எங்க வெச்சிருக்க?"

கம்பெனியில் காணாமல் போன பொருளைத்தான் கேட்கிறார் என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. ஹாலில் இருந்த பையன்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்கள். அப்பா கை கழுவிவிட்டு வந்து மஞ்சள் கட்டத்துக்கு வெளியே நின்றார். அந்த நேரத்திலும் அதை மிதிக்கவில்லை.

"நாளைக்குக் காலைல நான் டூட்டிக்குப் போவணும். என் வூட்டுல கம்பெனி பொருள் கீதுன்னு வெளிய தெரிஞ்சா எனக்கு இன்னா ஆவும் தெரியுமா? நான் ஒரு வார்த்தை சொன்னேன்னா இந்த ரோட்டுல எந்த கேட்டும் உனக்குத் தொறக்காது. உள்ள கீதுன்ற இல்ல? காட்டு."

"தொறந்து காட்டிடு தம்பி. பாத்துட்டாருன்னா முடிஞ்சிடும்," என்றாள் அம்மா. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு சொன்னார், "காட்டுதேன் அண்ணாச்சி. ஆனா ஆஃப் பண்ணி ரொம்ப நேரமாச்சி. மொதல்ல கொஞ்ச நேரம் ஆட்டத்த ஓடவிடணும்."

"இன்னா?"

"ஆட்டம் ஓடுனாத்தான் சூடாவும். சூடானாத்தான் ஃபேன் கழலும். அடியில பசை போட்டிருக்கு, ஆறிட்டுன்னா இறுகிரும். சில்லும் சேந்து வந்துரும்."

உங்களில் கம்ப்யூட்டர் கழற்றியவர்களுக்குத் தெரியும், அவர் சொன்னது சரி. ஆனால் அந்த ஹாலில், அந்த நேரத்தில் அது எப்படி ஒலித்தது என்று யோசித்துப் பாருங்கள்.

"நான் திருட்டப் பத்திக் கேக்குறேன். நீ என் முன்னாடி கார் ஓட்டிக் காட்டணும்ன்றியா? நக்கலா?"

"டைம் வாங்குறான்," என்றார் சார், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அண்ணன் என்னைப் பார்த்தார்.  அவர் போய் ஜன்னல் கம்பியைத் தொட்டார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் படுக்கவைத்து, ஃபேனின் கொக்கியைத் தளர்த்தி, இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினார். அசையவில்லை. கையாலேயே சூடேற்றுவதுபோல அதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா, ஜெபம் பண்றியா? இழு."

இழுத்தார். தண்ணீர் பைப்பிலிருந்து மூடி தெறிப்பதுபோல ஒரு சத்தம். ஃபேன் கையோடு வந்தது. அதன் அடியில், சாம்பல் நிறப் பசையில் ஒட்டிக்கொண்டு, சதுரமாக அந்தச் சில்லும் வந்தது. முதுகு முழுக்கப் பொன் நிறத்தில் பொடிப்பொடிக் கம்பிகள். ஒரு மூலையில் அவை காற்றடித்த நாற்று மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒன்றிரண்டு உதிர்ந்து மஞ்சள் கட்டத்துக்குள் விழுந்தன.

கத்தியை விட்டு நெம்பி, சில்லைப் பிரித்து, பசையைத் துடைத்து அப்பாவின் கையில் வைத்தார். மேலே தகடு, அதில் ஏதோ எழுத்து. அவ்வளவுதான்.

"இத்தத்தான் பிராசஸர்னு அன்னிக்கி சொன்ன. கிராபிக்ஸ் எங்க?"

"ரெண்டும் இதுதான் அண்ணாச்சி."

"ஒரு ஆளுக்கு ரெண்டு கார்டு எந்த கேட்டுலயும் கெடையாது."

அண்ணன் கையை நீட்டினார். சில்லை வாங்கி, பேனாக் கத்தியின் முனையால் கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். வியர்வை சில்லில் சொட்டாமல் இருக்கத் தலையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார். சார் விடைபெற்றுப் போனார். அம்மா தட்டுகளை எடுத்தாள். அண்ணன் மறுபடி மாட்டிச் சுவிட்சைப் போட்டபோது ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. டிவியில் நீலத் திரை மட்டும். சிக்னல் இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கணக்குப்படி எல்லாம் சரியாகிவிட்டது. படம் வந்துகொண்டிருந்தது, இப்போது வரவில்லை. ஆகவே ஏதோ ஒன்று இருந்தது, அது இப்போது இல்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இன்னிக்கே கெளம்பிடு. கம்பெனிக்கும் வராத," என்றார். அதை ஓர் உபகாரமாகத்தான் சொன்னார். அப்படித்தான் நம்பினார் என்று இப்போது நினைக்கிறேன். பயந்த மனிதர் செய்கிற உபகாரம் அவ்வளவுதான் இருக்கும்.

அப்படித்தான் அந்த ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம்.

படப்பையில் ஒரு கடை நிழலில் பெட்டியை இறக்கி வைத்தார். ஆளுக்கொரு சர்பத் குடித்தோம். தாம்பரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

"ஊருக்கா அண்ணா?"

"ஊர்ல என்ன இருக்கு? வேற ரோட்டப் பாக்கணும்."

"நானும் வரேன்."

"ஏல, போல. உங்கப்பா அதுக்கும் என் பையத் தடவிப் பாப்பாரு." சிரித்தார். அன்று முழுவதும் அந்த ஒரு தடவைதான். கிளம்பும்போது மறுபடி கழற்றி வைத்திருந்த சில்லைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். துணி சுற்றியிருந்தது. "இத வச்சிக்கோ. எனக்கு இனி ஆவாது. கேட்டா இதுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லு."

பஸ் வந்தது. பெட்டிக்கு இடமில்லை என்று கண்டக்டர் கத்தினார். அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். துணிப்பையையும் கீபோர்டையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கம் வடக்குப்பட்டுக்குத் திரும்பும் ஆட்டோ நின்றது. அதில் ஏறவில்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவுமில்லை. குன்றத்தூருக்கு ஓர் ஆட்டோ கிளம்பிக்கொண்டிருந்தது, அதில் ஏறினேன். எங்கள் ரூமிலிருந்து போன ஒரு பையன் அங்கே ஹாஸ்டலில் இருந்தான். கேன்டீன் கன்ட்ராக்டருக்கு ஆள் வேண்டும் என்றான். வயது கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொன்னான். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கேன்டீன் வேனில் வேறொரு கம்பெனி கேட்டில் போய் இறங்கினோம். வரிசையில் நிற்கவைத்துத் தடவினார்கள். செக்யூரிட்டியின் கை என் பையில் நின்றது. துணியைப் பிரித்தார்.

"இன்னாடா இது?"

"கம்ப்யூட்டர்ல படம் காட்டுறது சார்."

"இத்தினியூண்டா?"

"ஆமா சார்."

"சரி. உள்ள எடுத்துக்கினு போவாத. வெளிய வர்றப்போ எங்க பொருளுன்னுடுவானுங்க." போன்கள் கிடந்த டப்பாவில் அதையும் போட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆளைத் தடவப் போய்விட்டார். அன்று சாயந்திரம் வேன் எங்களை வேறு கேட் வழியாக வெளியே கொண்டுபோனது. அதை நான் திரும்ப வாங்கவில்லை.

அந்தக் காலையில் உள்ளே கேன்டீன் பின்பக்கம் நைட் ஷிப்டு சாப்பிட்ட தட்டுகள் மலையாகக் கிடந்தன. சாம்பார் காய்ந்து தகட்டோடு தகடாக இறுகியிருந்தது. இரண்டு தட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அவற்றைப் பிடித்து இழுக்கப் போனேன். பக்கத்தில் இருந்த பெண் என் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாத்துக்கு இழுக்குற? சுடுதண்ணி ஊத்தி வை. சூடு ஏறுனா அதுவா வரும்."

ஊற்றினேன். ஆவி முகத்தில் அடித்தது. தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.